ஏதென்ஸ் கட்டடங்கள்: எந்த ஹான்சென்?

ஏதென்ஸ் பல்கலைக்கழகம், பக்கத்து அகாடமி இரண்டுக்கும் கட்டடக் கலைஞர் ஹான்சென் என்றே போட்டிருக்கிறார்கள், ஆண்டுகள் மட்டும் ஒத்துவரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் இரண்டு பேர், கோபன்ஹேகனில் பிறந்த அண்ணன் தம்பி.

அண்ணன் கிறிஸ்டியன் (1803–1883). 1839இல் வேலை தொடங்கிய பல்கலைக்கழகம் இவருடையது. அதற்கு முன்பே, ஏதென்ஸின் பழங்காலக் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸில் துருக்கியர் காலத்துக் கொத்தளத்தைப் பிரித்தபோது உள்ளே புதைந்து கிடந்த கற்களை எடுத்து அடுக்கி அத்தீனா நைக்கி கோயிலைத் திரும்ப எழுப்பியவர்களில் இவரும் ஒருவர். என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரையில் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவு பெரிய வேலை அது.

தம்பி தியோஃபில் (1813–1891). 1838இல் ஏதென்ஸில் இருந்த அண்ணனிடம் வந்தார், அப்புறம் 1846இல் வியன்னா போய் அங்கேயே நிலைத்துவிட்டார். அங்குள்ள நாடாளுமன்றக் கட்டடம் அவருடையது. ஏதென்ஸ் அகாடமியும் அவர் வரைந்ததுதான், 1859இல் தொடங்கி நடுவில் சில ஆண்டுகள் நின்றுபோய் 1885இல்தான் முடிந்தது. அதனால்தான் உங்களுக்கு ஆண்டு இடிக்கிறது.

படத்தில் பிரித்தறிவது சுலபம்: முன்னால் இரண்டு தனித்தூண்கள், உச்சியில் அத்தீனா, அப்பல்லோ சிலைகள் நின்றால் அகாடமி. தூண்களுக்குப் பின்சுவரில் வண்ண ஓவியப்பட்டை ஓடினால் பல்கலைக்கழகம்.

கோபன்ஹேகன் வோர் ஃப்ரூ தேவாலயத்தைக் கட்டிய சி. எஃப். ஹான்சென் வேறு ஆள், அவரை இவர்களோடு சேர்த்துவிடாதீர்கள்.