மனத்தைப் படிக்கும் குரு

கேள்வி: ஓராண்டாகத் தியான வகுப்புக்குச் சென்று வருகிறேன். முதல் நாளே குரு என் முகத்தைப் பார்த்து, "அம்மா, நெருங்கிய ஒருவரிடம் சொல்லாமல் விட்ட வார்த்தை ஒன்று உங்களை வருத்துகிறது" என்றார். அது உண்மைதான். சித்தி என்னும் அபூர்வ ஆற்றல் கைகூடாதவரால் இப்படிச் சொல்ல முடியுமா? என் கணவர் ஏமாற்று வேலை என்று சிரிக்கிறார்.
- ஒரு வாசகி

பதில்: முடியும். அந்த வாக்கியத்தை, வேறு யாருக்கோ சொல்லப்பட்டதாக நினைத்து, இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அப்படி ஒரு வார்த்தையை விழுங்கிக்கொள்ளாத மனிதர் யார்? இதை எழுதும்போதே எனக்கு மூன்று நினைவுக்கு வருகின்றன. குரு சொன்னது ஒரு வரி. அந்த நெருங்கியவர் யார், அந்த வார்த்தை எது என்பதையெல்லாம் இட்டு நிரப்பியவர் நீங்கள்.

1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்னும் அமெரிக்க உளவியலாளர், தம் மாணவர்கள் 39 பேருக்கு, அவரவர் குணத்தை ஆராய்ந்து எழுதியது என்று சொல்லி ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் இடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாள்களிலும் இருந்தது ஒரே வாசகம். அதில் பெரும்பகுதி ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

இதனால் உங்கள் குரு ஏமாற்றுகிறார் என்று ஆகிவிடாது. இந்த இடத்தில் உங்கள் கணவர் அவசரப்படுகிறார். தாம் சொல்வதைக் கேட்டுக் கண்கலங்கித் தலையசைப்பவர்களையே நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், பொருந்தாதவர்கள் மறுநாள் வராமல் நின்றுவிடுவதை அறியாமலே, தமக்குள் ஏதோ சக்தி இருப்பதாக மனமார நம்பிவிடக்கூடும்.

அத்தகைய ஆற்றல் யாருக்கேனும் உண்டா என்றால், நான் நம்பவில்லை. ஏமாற்ற இடம்தராத சோதனையில் அதைக் காட்டுவோருக்கு இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூர் 1963-இல் அறிவித்த ஒரு லட்சம் ரூபாயை, அவர் மறைந்த 1978 வரை எவரும் பெறவில்லை.

ஆனால், சித்திகள் உண்டு என்று ஏற்றுக்கொண்ட மரபே அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது. பிறர் மனத்தை அறிவது முதல் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் இருப்பது வரை பதஞ்சலி தம் யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் வரிசையாகச் சொல்லிவிட்டு, அதே பாதத்திலேயே இவை மனம் முற்றும் ஒடுங்கும் சமாதி நிலைக்கு இடையூறுகள் என்கிறார். தாயுமானவரும் மதயானையை வசப்படுத்தலாம், நீர்மேல் நடக்கலாம், வேறோர் உடலில் புகலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று முடிக்கிறார். நடக்குமா நடக்காதா என்று அவர் வழக்காடவே இல்லை. நடந்தாலும் அதனால் ஆவதென்ன என்பதே அவருடைய கேள்வி.

தியானத்தால் மனம் அமைதி அடைகிறது என்றால் தொடருங்கள். அதற்கு இந்தச் சக்தியை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. மருந்தை நிறுத்து, நகையைக் காணிக்கையாகக் கொடு என்று பேச்சு திரும்பினால் மட்டும் அன்றே எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு முன் ஒன்று செய்யலாம். வகுப்பில் உடனிருக்கும் நான்கைந்து பேரிடம், முதல் நாள் குரு தங்களிடம் என்ன சொன்னார் என்று தனித்தனியே கேட்டு, ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்.