ஒரு தடம் பஸ்சுக்கு

கேள்வி: மெட்ரோவுக்கே கோடி கோடியாகக் கொட்டியாகிவிட்டது. இதற்குமேல் பஸ்சுக்குத் தனித் தடம், வாடகை சைக்கிள் என்று பேசுவது வீண் செலவு இல்லையா? வரி கட்டும் கார்காரர்கள் எங்கே போவார்கள்?
– வாசகர், மாரத்தஹள்ளி, பெங்களூர்

பதில்: உங்கள் வீட்டு வாசலிலேயே இதற்குப் பதில் இருந்தது. 2019 அக்டோபரில் டின் ஃபேக்டரியிலிருந்து சில்க் போர்டு வரை அவுட்டர் ரிங் ரோட்டில் பஸ்சுக்கென்று ஒரு தடம் ஒதுக்கினார்கள். மேம்பாலம் கட்டவில்லை, நிலம் வாங்கவில்லை. கோடு போட்டுச் சின்னத் தூண்களை நட்டார்கள், அவ்வளவுதான். பஸ்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தன. அப்புறம் கொரோனா வந்தது, மெட்ரோ தூண் வேலை வந்தது, தடம் போயிற்று.

போன வாரம் மாலை 6 மணிக்கு ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி ஸ்டாப்பில் நின்றேன். கார்மென்ட்ஸ் கம்பெனி விட்டுக் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வந்தார்கள். பாதிப் பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ் பேசினார்கள். பஸ் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார்: “நடந்தே போயிரலாம் சார். காலைல இருந்து நின்னுட்டே வேலை, கால் வரமாட்டேங்குது.” பஸ் வந்து சேர 11 நிமிடம் ஆனது. நடந்து போயிருந்தால் அந்தத் தூரத்துக்கு 4 நிமிடம்.

தலைக்கு மேலேயே மஞ்சள் தட மெட்ரோ ஓடுகிறதே என்பீர்கள். 2025 பிப்ரவரியில் மெட்ரோக் கட்டணத்தை ஏற்றினார்கள். அதிகபட்சம் 90 ரூபாய் ஆனது. கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு 2023 ஜூன் முதல் அரசு பஸ் இலவசம். அவர் எதில் ஏறுவார் என்று நீங்களே சொல்லுங்கள். நகரம் முழுக்க பி.எம்.டி.சி. என்ற மாநகரப் போக்குவரத்துக் கழக பஸ்களில் ஒரு நாளைக்கு 40 லட்சம் பேர் போகிறார்கள். மெட்ரோ ஒரே நாளில் 10 லட்சத்தைத் தாண்டியதே 2025 ஆகஸ்டில்தான்.

ஒரு பஸ்ஸில் 60 பேர். ஆளுக்கொரு கார் என்றால் 60 கார், முட்டிக்கொண்டு நின்றாலே 200 மீட்டருக்கு மேல் நீளம். இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஒரு நடைக்கு 2 மணி நேரம் ஆகும் பஸ், டிரைவரின் 8 மணி நேர டியூட்டியில் 4 நடைதான் அடிக்கும். அதையே ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க விட்டால் 5 நடை. புது பஸ் வாங்காமல், புது ஆள் எடுக்காமல் கூடுதலாக ஒரு நடை! தடத்துக்குச் செலவிடும் பெயின்டை வீண் செலவு என்று எப்படிச் சொல்வது?

டெல்லியைக் காட்டுவார்கள். அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு 2008-ல் போட்ட தடத்தை 2016-ல் பெயர்த்தே விட்டார்கள். உண்மைதான். ஆனால் 2009-ல் தொடங்கிய அகமதாபாத் இன்றும் ஓட்டுகிறது. டெல்லியில் போட்டது ஒரு துண்டு. துண்டுத் தடத்தில் கார்காரருக்குத் தன் நஷ்டம் மட்டும்தான் தெரியும். பஸ்காரருக்கு மிச்சமாகும் நேரமோ அடுத்த சிக்னலிலேயே கரைந்துவிடும்.

சைக்கிள் விஷயத்தில் உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம். ஆப்பில் திறந்து எங்கே வேண்டுமானாலும் விட்டுப் போகலாம் என்று வந்த சைக்கிள்கள் சாக்கடையில் கிடந்ததை நானும் பார்த்தேன். நம் ஊர் வாடகை சைக்கிள் கடையை நினைத்துப் பாருங்கள். மட்கார்டில் நம்பர் எழுதியிருக்கும். கடைக்காரர் நோட்டில் நேரம் குறித்து, டயரை அமுக்கிப் பார்த்துத்தான் கொடுப்பார். திரும்பி வந்தால் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார். ஒவ்வொரு சைக்கிளுக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். மைசூரில் 2017-ல் ‘ட்ரிண் ட்ரிண்’ என்று சுமார் 450 சைக்கிள்களோடு தொடங்கியபோது, எடுக்கவும் விடவும் ஸ்டாண்டு வைத்தார்கள். இங்கேயும் பெரிய பஸ் ஸ்டாப்புகளில் அப்படி ஸ்டாண்டும் அதற்கு ஓர் ஆளும் வேண்டும். ஸ்டாப்பிலிருந்து வீடு ஒன்றரை கிலோமீட்டர் என்றால் ஆட்டோ வராது, இருட்டில் நடக்கவும் பயம். அந்தத் தூரத்துக்குத்தான் சைக்கிள். சேலை கட்டியவரும் ஏறும்படி பார் இல்லாத சைக்கிளாக, முன்னால் கூடையோடு இருக்க வேண்டும்.

வரி பற்றிக் கேட்டீர்கள். அந்த அம்மாவும் சோப்பு வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிறார். அவருக்குச் சாலையில் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம்?

உங்கள் ரிங் ரோட்டில் மெட்ரோ வேலை முடிந்து தடுப்புத் தகடுகளை எடுக்கப்போகிறார்கள். எடுக்கும் அன்று இரவே அந்த இடத்தில் பஸ் தடத்துக்குக் கோடு போட்டாக வேண்டும். ஒரு வாரம் விட்டால் கார்கள் பிடித்துக்கொள்ளும்; அப்புறம் எந்த அமைச்சராலும் திரும்ப வாங்க முடியாது.