கை எந்தச் சேலையின் மேல் இருக்கிறது? உடல்மொழி பற்றிக் கேள்வி பதில்

மதுரையில் ஜவுளிக்கடைப் பட்டுப் பிரிவில் 27 வருடம் நின்றவன் நான். நிஜமாகவே நின்றவன்; கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, வாடிக்கையாளரைக் கவனிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறேன். உளவியல் பட்டமெல்லாம் கிடையாது. கையில் கிடைத்ததைப் படிப்பேன்.

கேள்வி: அண்ணே, கையைக் கட்டிக்கொண்டு பேசுகிறவர் மனதுக்குள் நம்மை எதிர்க்கிறார் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே?

ஏசிக்கு நேர் கீழே நின்றால் நானும்தான் கட்டுவேன். அதோடு, நம் ஊரில் பெரியவர் முன்னால் கைகட்டி நிற்பது பணிவு. 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று வகுப்பில் வளர்ந்தவர்கள் நாம். சிலருக்கு அது ஐம்பது வயதிலும் விடாது. ஒரு சைகைக்கு ஓர் அர்த்தம் என்று அகராதி போடுகிற வீடியோவை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் எதைத்தான் பார்ப்பது? எங்கே தொடங்குவது?

மாற்றத்தைப் பாருங்கள். வருகிறவரிடம் நான் எடுத்தவுடன் சேலையைக் காட்டமாட்டேன். 'வாங்கம்மா, எந்த ஊரு, யாருக்குக் கல்யாணம்?' என்று பேச்சுக்கொடுப்பேன். விலைப் பேச்சே வராத அந்த இரண்டு நிமிடத்தில் அவர் எவ்வளவு வேகமாகப் பேசுகிறார், கையை ஆட்டுகிறவரா, கண்ணைப் பார்த்துப் பேசுகிறவரா என்று பிடிபட்டுவிடும். அதுதான் அவருடைய இயல்பு. அப்புறம் சேலையை விரித்தால், எந்த இடத்தில் அந்த இயல்பு மாறுகிறது என்று தெரியும்.

ஓர் உதாரணம். பத்துச் சேலை விரித்தாகிவிட்டது. அந்த அம்மா பதினோராவதற்கு விலை கேட்கிறார், பார்வையும் அதில்தான். ஆனால் இடது கை மட்டும் மூன்றாவதாகப் போட்ட அரக்குச் சேலையின் பார்டரை விடவில்லை. நான் பதினொன்றைப் பற்றிப் பேசவே மாட்டேன். மூன்றாவதின் முந்தானையை எடுத்துக் கூட வந்த பெண்ணிடம் கொடுத்து, அவர் தோளில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பல நேரம் பில் விழும். சில நேரம் விழாது. ஏனென்றால் அந்தக் கை சொன்னது 'பிடித்திருக்கிறது' என்பதை மட்டும்தான். விலை கட்டுப்படியாகாது, மாமியாருக்கு அந்த நிறம் ஆகாது, அதே நிறம் வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிடக்கிறது என்பதெல்லாம் கையில் தெரியாது. மனசுக்கு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதுவரைதான் உடம்பு காட்டும். ஏன் என்பதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்: 'விலை கொஞ்சம் கூடத் தெரியுதாம்மா?'

பழகுவதற்கு டீக்கடை பெஞ்சும் பேருந்து நிறுத்தமும் போதும். டிவி சீரியலைச் சத்தம் இல்லாமல் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். அங்கே ஒரே அதிர்ச்சியை மூன்று தடவை காட்டுவார்கள், நிஜத்தில் அது அரை நொடி.

கேள்வி: எங்கள் அலுவலகப் பயிற்சியில், பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், வார்த்தை 7 சதவீதம் என்றார்கள். சரியா?

அந்த எண்ணுக்கு ஒரு கதை இருக்கிறது. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் கலிபோர்னியாவில் செய்து 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. வார்த்தை ஒன்றும் குரலும் முகமும் வேறொன்றுமாக இருந்தால், பேசுகிறவருக்கு நம் மேல் விருப்பமா வெறுப்பா என்பதைக் கேட்பவர் எதை வைத்து முடிவுசெய்கிறார் என்பதுதான் அங்கே கேள்வி. 'எனக்கொன்றும் கோபமில்லை' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற நேரத்துக்கு அது பொருந்தும். எல்லாப் பேச்சுக்கும் அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார். கொரோனா ஊரடங்கில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, போனில் பேசியேதான் நாங்கள் சேலை விற்றோம்.

கேள்வி: ஐயா, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பேசும்போது கண்ணைப் பார்ப்பதில்லை. பொய் சொல்கிறானா?

அம்மா, நீங்கள் அவனிடம் என்ன கேட்கும்போது என்பதைச் சொல்லவில்லையே! மதிப்பெண் கேட்கும்போது என்றால் பிள்ளைகள் எல்லாருமே தரையைத்தான் பார்ப்பார்கள்.

பொய் சொல்கிறவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்பது உலகம் முழுக்க இருக்கிற நம்பிக்கை. 58 நாடுகளில் கேட்டுப் பார்த்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில் எல்லாவற்றையும்விட அதிகம் பேர் சொன்ன பதில் அதுதான். அதே ஆண்டில் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இருவர், பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். 24,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வுகள். எது பொய், எது உண்மை என்று சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 வரும்.

பயந்தவனும் பொய் சொல்கிறவனும் பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். நீங்கள் குரலை உயர்த்தினால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. சாப்பாடு போடும்போதோ வண்டியில் பின்னால் உட்கார்த்திப் போகும்போதோ பேசிப் பாருங்கள். நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டாத இடத்தில் பையன்கள் தானாக வாய் திறப்பார்கள். என் மகன் அப்படித்தான், எல்லாவற்றையும் டிவிஎஸ் ஐம்பதின் பின்சீட்டிலிருந்துதான் சொன்னான்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் ஒருவர் நான் பேசும்போதெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார், நிமிரவே இல்லை. போச்சா?

மதிப்பெண் தாளை நிரப்பிக்கொண்டிருந்திருப்பார் தம்பி. அடுத்த தேர்வுக்குப் படியுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்ப நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிவதே இல்லை. நான் பேசிக்கொண்டே இருப்பேன். கணவர் திட்டுகிறார்.

எனக்குப் பிடித்த கேள்வி. நம் ஊர் விருந்தாளி கிளம்புவது மூன்று கட்டமாக நடக்கும். முதலில் முதுகு நாற்காலிச் சாய்வை விட்டு முன்னால் வரும். பிறகு, கீழே இருந்த கைப்பை மடிக்கு ஏறும். அப்புறம் இரண்டு கையும் முழங்காலில் ஊன்றி, 'சரி... அப்புறம்?' என்பார். அந்த 'அப்புறம்' உங்களிடம் செய்தி கேட்பதல்ல. அதற்குப் பதிலாக நீங்கள் நாத்தனார் கதையைத் தொடங்கினால் பாவம், மறுபடி சாய்ந்து உட்காருவார்.

அவர் எழுந்து, வாசல்படியில் நின்று இருபது நிமிடம் பேசுவது தனிக் கணக்கு. அதில் தலையிடாதீர்கள்.

இதை நன்றாகக் கற்க வேண்டுமானால் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரைக் கவனியுங்கள். 'போதும் போதும்' என்பது எல்லா இலையிலும் கேட்கும். உள்ளங்கையை இலைக்கு மேலே விரித்து, உடம்பையும் குனிந்து மறைத்தால் நிஜமாகவே போதும். இரண்டு விரலை மட்டும் தூக்கி, கண் பாயச வாளியிலேயே இருந்தால் இன்னொரு கரண்டி. தேர்ந்தவர் இதை வரிசையில் நடந்துகொண்டே முடிவுசெய்வார்.

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். நான் தலையை ஆட்டினால் கூட வேலை செய்கிறவர்கள் குழம்புகிறார்கள்.

நாம் பக்கவாட்டில் ஆட்டுவதில் 'ஆமாம்', 'சரி', 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்', 'பார்ப்போம்' எல்லாம் அடங்கும். அவர்கள் கண்ணுக்கு அது பாதி 'இல்லை'. பல்கேரியாவில் இன்னும் வேடிக்கை, பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், மேலும் கீழும் என்றால் இல்லை. தலையாட்டலை நிறுத்த முயலாதீர்கள், நடக்காது. கூடவே வாயால் ஒரு 'யா' சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு பெண் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தம்பி, கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு சம்பளத்தில் சேர்ந்தது. சிரிக்காவிட்டால் மேற்பார்வையாளர் திட்டுவார்.

மனசார வரும் சிரிப்பில் வாயோடு சேர்ந்து கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே எழுதிவைத்தார். அந்தச் சுருக்கத்தை வேண்டுமென்றே வரவழைக்கவும் பலரால் முடியும். எங்கள் பிரிவில் தீபாவளிச் சமயத்தில் எல்லாருமே செய்வோம். சிரிப்பை விடுங்கள், தூரத்தைப் பாருங்கள். நீங்கள் நெருங்கினால் அவர் மேசைக்குப் பின்னால் நகர்கிறாரா, துணியை மடிக்கத் தொடங்குகிறாரா, பதில் ஒரே சொல்லில் முடிகிறதா? அப்படியென்றால் பில்லை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு பார்கின்சன் நோய். கொஞ்ச நாளாக முகத்தில் சிரிப்பே இல்லை. பேரன் வந்தால்கூட வெறித்துப் பார்க்கிறார். எங்கள் மேல் வருத்தமோ என்று அம்மா அழுகிறாள்.

அம்மாவிடம் உடனே சொல்லுங்கள்: அந்த நோய் முகத் தசைகளையும் இறுக்கும். கை கால் அசைவு மெதுவாவது போல, தானாக வருகிற சிரிப்பும் புருவ அசைவும் குறையும், கண் சிமிட்டுவதுகூடக் குறையும். உள்ளே சந்தோஷம் இருக்கலாம், முகத்துக்கு அது வந்து சேர்வதில்லை. மன வாட்டமும் இந்த நோயோடு சேர்ந்து வருவது உண்டு என்பதால் நரம்பியல் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்பாவிடம் நேராகவே 'பேரன் வந்தது சந்தோஷமாப்பா?' என்று கேட்டு, பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள்.

நானே இதில் ஒருமுறை தவறியவன். கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஓர் அம்மா எட்டுச் சேலைக்கும் முகத்தை அசைக்கவில்லை. பிடிக்கவில்லை என்று நினைத்து மடிக்கத் தொடங்கிவிட்டேன். 'ஏன் தம்பி மடிக்கிறீங்க? எனக்கு முகவாதம் வந்துருச்சு, அவ்வளவுதான். அந்த மாம்பழக் கலரை எடுங்க' என்றார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

கேள்வி: உங்கள் வீட்டில் யாராவது உங்களை ஏமாற்ற முடியுமா அண்ணே?

கல்யாணமான நாளிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி மனைவிக்குப் பட்டுச் சேலை எடுத்துப் போவேன், ஊழியர் தள்ளுபடியில். வாங்கிக்கொண்டு கண் சுருங்கச் சிரிப்பாள். கட்டி நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அவ்வப்போது பீரோவைத் திறந்தால் மடிப்பு மாறியிருக்கும். கட்டுகிறாள், நான் கடையில் இருக்கும்போது கோயிலுக்குக் கட்டிப் போகிறாள் என்று துப்பறிந்து வைத்திருந்தேன். போன வருடம் மகள்தான் சொன்னாள்: அம்மாவுக்குப் பட்டு என்றாலே கழுத்தெல்லாம் அரிக்கும், சுங்குடிதான் பிடிக்கும். அப்புறம் எப்படி மடிப்பு மாறியது என்றேன். பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் இற்றுப்போகும் என்று கல்யாணமான புதிதில் நான் சொல்லியிருந்தேனாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் பிரித்து, மாற்றி மடித்து வைத்திருக்கிறாள்.