நான்கு பேர் போதும், புதன்கிழமை தவறக் கூடாது

கேள்வி: நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற அக்டோபரில் எங்கள் துறை வராந்தாவில் பச்சை முதுகும் நீலத் தோளும் கொண்ட ஒரு பறவை சுவரில் மோதி விழுந்து கிடந்தது. அட்டைப்பெட்டியில் மூடி வைத்தோம். மாலையில் திறந்ததும் பறந்துவிட்டது. அதன் பெயர் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து கல்லூரியில் பறவை நோக்குவோர் மன்றம் தொடங்க வேண்டும் என்று ஆசை. முதல்வர் 25 பேரின் கையெழுத்து கேட்கிறார். நிச்சயமாக வருபவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர், எல்லோரும் ஒரே வகுப்பு. துறைத் தலைவரோ, நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும்போது தனி மன்றம் எதற்கு என்கிறார். எங்களிடம் பைனாகுலர்கூட இல்லை. பஸ் 8.15 மணிக்கு இறக்கிவிடும், வகுப்பு 9.30-க்கு. மாலை பஸ்ஸை விட்டால் வீட்டில் திட்டு விழும். எங்கே தொடங்குவது?

பதில்: அன்பு மகளுக்கு,

முதலில் அந்தப் பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் அது ஆறுமணிக்குருவிதான். கண்ணுக்கு மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டையும் வாலடியில் குங்குமச் சிவப்பும் இருந்திருக்குமே? வடக்கே காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிற பறவை. இரவெல்லாம் பறந்து களைத்து, கட்டடங்களில் மோதி விழுவது உண்டு. விடியும்போதும் பொழுது சாயும்போதும் கூவுவதால் நம் ஊரில் அதற்கு அந்தப் பெயர். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாமல் இருட்டில் சும்மா இருக்க விட்டீர்கள், அதுவே சரியான வைத்தியம்.

இனி அந்த 25 கையெழுத்து. ஒரு மதிய இடைவேளையில் கேன்டீன் வாசலில் நின்றால் வாங்கிவிடலாம். வாங்காதே. கையெழுத்துப் போட்டவர்களில் 21 பேர் வராமல் போனால், இரண்டே மாதத்தில் அந்தப் பட்டியலே உனக்கு எதிரான சாட்சியாகிவிடும். முதல்வர் ஆள் கணக்கு கேட்பதற்குப் பின்னால் வேறொரு கவலை இருக்கிறது: புதருக்குள் போகும் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? அந்தக் கவலைக்கு விடை சொல்லும் கடிதத்தைக் கொடு. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வளாகத்தில் எந்தப் பாதை, பொறுப்பேற்கும் ஆசிரியர் யார் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுது. மதில் சுவரைத் தாண்டிப் போக மாட்டோம், கல்லூரியிடம் பணம் கேட்க மாட்டோம் என்று கடைசியில் சேர்த்துக்கொள்.

துறைத் தலைவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நாட்டு நலப்பணித் திட்டத்தில் வேலை மாறிக்கொண்டே இருக்கும்: ஒரு வாரம் மரக்கன்று, ஒரு வாரம் ரத்ததான முகாம். பறவை நோக்குவதற்கு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயாக வேண்டும். வாதம் செய்யாமல், 'விலங்கியல் துறையின் பணியாகவே மூன்று மாதம் நடத்திக் காட்டுகிறோம் ஐயா' என்று கேட்டுப் பார். துறையின் பணி என்றால் மறுக்க அவருக்கு மனம் வராது. அப்படியே, களப்பயணத்துக்கு வாங்கிய பைனாகுலர் ஏதாவது அருங்காட்சியக பீரோவில் தூங்குகிறதா என்றும் கேள். சங்கப் பதிவு, சந்தா, முத்திரை எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

நாள் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இரு. ஞாயிறு வேண்டாம். விடுமுறை நாளில் வெளியே போக வீட்டில் அனுமதி வாங்குவதிலேயே உங்கள் தெம்பெல்லாம் தீர்ந்துவிடும். புதன்கிழமை காலை 8.20 முதல் 9.10 வரை என்று வைத்துக்கொள். மழை பெய்தாலும் வராந்தாவில் நின்று கண்ணுக்குத் தெரிகிற ஆறு காகங்களை எண்ணி எழுது. தேர்வு வாரத்தில் பத்து நிமிடம் போதும்.

ஒரு நீள நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வந்தவர்கள், பறவையின் பெயர், எத்தனை, எந்த மரத்தில். பெயர் தெரியாவிட்டால் 'மைனா அளவு, வால் பிளவுபட்டது, கரிய நிறம், மின்கம்பியில்' என்று எழுதிவை. அது கரிச்சான் என்று அடுத்த வாரம் தெரிந்துவிடும். தவிட்டுக்குருவி, செம்போத்து, தையல்சிட்டு என்று பழகிய பறவைகளே முதல் மாதத்தை நிரப்பிவிடும். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலக அளவிலான கணக்கெடுப்போடு சேர்த்து இந்தியக் கல்லூரி வளாகங்களிலும் நான்கு நாள் எண்ணுகிறார்கள். 15 நிமிடம் நின்று எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். உங்கள் கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலில் வந்ததும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து முதல்வரிடம் காட்டு. 25 பேர் எங்கே என்று அதற்குப் பிறகு கேட்க மாட்டார்.

உன் கடிதத்தில் என்னை உண்மையாகவே கலங்கவைத்த வரி ஒன்று உண்டு: 'எல்லோரும் ஒரே வகுப்பு.' நான்கு பேரும் ஒரே நாளில் கல்லூரியை விட்டுப் போவீர்கள். நான் படித்த காலத்தில் நாங்களும் நான்கு பேர், எல்லோரும் மூன்றாம் ஆண்டு, வாசகர் வட்டம் தொடங்கினோம். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, பேனர் என்று தொடக்க விழா தடபுடலாக நடந்தது. கூடியது மொத்தம் ஐந்து முறை. அந்தக் கூட்டக் குறிப்பேடு இன்றும் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சென்னையில் 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்றும் நடக்கிறது. முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துவந்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். குஞ்சு வெளிவர ஒன்றரை மாதமாவது ஆகும். மணலில் ஆமையின் தடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மேடை போட்டுக் கற்பிக்க முடியுமா? முன்னே நடப்பவர் பின்னே வருபவருக்குக் காட்டித்தான் இத்தனை ஆண்டும் வந்திருக்கிறது.

ஆகவே இந்த மாதமே முதலாம் ஆண்டிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொள். விலங்கியல்தான் என்றில்லை, உன் பஸ்ஸில் வருகிற தமிழ் இலக்கிய மாணவியாக இருந்தாலும் சரி. மூன்றாவது புதன்கிழமையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை அவர்கள் எழுதட்டும், எழுத்துப்பிழை இருந்தாலும் பிடுங்காதே. நோட்டு துறையின் பீரோவில் இருக்கட்டும், உன் பையில் வேண்டாம்.

அக்டோபரில் ஆறுமணிக்குருவி மறுபடியும் வரும். அதை முதலில் பார்த்த தேதி, முதலாம் ஆண்டில் சேர்ந்த அந்தப் பெண்ணின் கையெழுத்தில் நோட்டில் ஏறியிருந்தால், எனக்கு ஓர் அஞ்சல் அட்டை போடு.