வீட்டில் அம்மம்மாவும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். இருமல் காய்ச்சல் வந்தவர் எந்த மாஸ்க்கை எப்படிப் போட வேண்டும்?

நீங்கள் கேட்பது நோய் மற்றவருக்குத் தொற்றாமல் இருப்பது பற்றி. அப்படியென்றால் முன்னால் சின்ன பிளாஸ்டிக் வால்வு வைத்த மாஸ்க் வேண்டவே வேண்டாம். எங்கள் கிளிநொச்சிப் பக்கம் காலபோக அறுவடைக்கு, நெல் தூசிக்காக ஹாட்வெயார் கடையில் வாங்கியது வீட்டில் கிடக்கும். இருமல் வந்ததும் அதையே மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மூச்சை இழுக்கும்போது அந்த வால்வு மூடிக்கொள்ளும், விடும்போது திறக்கும். போட்டிருப்பவருக்குத் தூசி வராது, சரி. ஆனால் அவர் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியே வரும். ஓபிடி வரிசையில், பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்குப் பக்கத்தில் இதைப் போட்டுக்கொண்டு ஒருவர் இருமுவதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

இருமுகிறவருக்குப் பாமசியில் விற்கும் மூன்று அடுக்கு சேர்ஜிக்கல் மாஸ்க் போதும். நிறமுள்ள பக்கம் வெளியே, கம்பி மேலே. கம்பியை இரண்டு கை விரல்களாலும் மூக்கோடு சேர்த்து அழுத்துங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இன்னும் இடைவெளி இருக்கிறது. கன்னப் பக்கம் பிளந்து நின்றால், காதுப் பட்டி ஒவ்வொன்றிலும் மாஸ்க்கின் விளிம்போடு ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, புடைத்து நிற்கும் ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள். முகத்தோடு படிந்துவிடும். விலை கூடியது எது என்று தேடுவதைவிட இந்த இடைவெளியை அடைப்பதுதான் முக்கியம் என்பேன்.

நோயாளியைப் பராமரிக்கிறவருக்கு, முக்கியமாக வீட்டில் காசநோய் இருந்தால், முகத்தோடு இறுக ஒட்டும் என்95 மாஸ்க் நல்லது. அது கண்ணுக்குத் தெரியாத 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டாது.

இந்த இரண்டு வகையையும் கழுவிப் போடாதீர்கள். நடு அடுக்கில் உள்ள மின்னேற்றம்தான் நுண்ணிய துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பும் ஸ்பிரிட்டும் அதைக் கெடுத்துவிடும். எங்கள் வெயிலுக்கு பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் வியர்வையில் நனைந்துவிடும், அதனால் பையில் இன்னொன்று இருக்கட்டும்.

அப்புறம், 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மாஸ்க் போடவே கூடாது, மூச்சுத் திணறும். தாய்க்குத் தடிமன் காய்ச்சல் என்றாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க்கைச் சரியாகப் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக் கொடுக்கட்டும்.