வாசகர் கேள்வி-பதில்: செயின்ட் லாரன்ஸ் ஆற்றடியில் லாக் 21

கேள்வி: புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா கற்றவன் நான், இப்போது டொரான்டோவில் வேலை. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கார்ன்வால் அருகே மூழ்கிக் கிடக்கும் லாக் 21-க்கு மெக்டொனெல் தீவுக் கரையிலிருந்தே இறங்கலாம் என்கிறார்கள். 20 மீட்டர்தானே, கடலை விடச் சுலபமாக இருக்குமா?

பதில்: ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் கப்பல்களை ஏற்றி இறக்கிய, பழைய கார்ன்வால் கால்வாயின் கல்தொட்டி அது. அணைக்காக 1958 ஜூலை 1 அன்று அந்தப் பகுதியில் ஆற்று நீரைத் திறந்துவிட்டார்கள். சுற்றியிருந்த ஊர்களோடு லாக்கும் மூழ்கியது. அங்கே எதிரி நீரோட்டம்தான். ஆறு பாயும் திசையில் கீழே அணையின் மின்நிலையம் இருப்பதால் வேகம் நாளுக்கு நாள் மாறும். போன வாரம் சென்று வந்தவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சுவர் மறைப்பில் நீர் அடங்கியிருக்கும். சுவரின் மேல்விளிம்பைத் தாண்டிய கணமே ஆறு இழுக்கும்.

ஆகவே நீரோட்டத்தை எதிர்த்துப் போய், அதோடு திரும்புங்கள். சிலிண்டர் காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் போவதற்கு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அளவு) இருந்தால் 2,200 லிட்டர். அதில் பங்கு சுமார் 730. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால் 60 லிட்டர் செலவாகும். எதிர்நீச்சலில் மூச்சு வாங்காவிட்டால்கூட 12 நிமிடத்தில் திரும்பியாக வேண்டும். அளவுமானி 130-ஐத் தொடும்வரை காத்திருக்காமல் 140-லேயே திரும்பலாம்.

அடித்துக்கொண்டு போனால் எதிர்த்து உதைக்காதீர்கள், மூச்சுதான் கரையும். ஆற்றுக்குக் குறுக்கே கரையை நோக்கி நீந்துங்கள். படகுகள் போகும் ஆறு, டைவர் கொடி கட்டிய மிதவை இல்லாமல் மேலே வரக்கூடாது. தூண்டில் நரம்பு சிக்கினால் அறுக்கச் சிறு கத்தி வேண்டும். மதகுச் சுரங்கம் எதிலும் நுழையாதீர்கள். துணை இல்லாத நாளில் போகவே வேண்டாம்.

கேள்வி: நன்னீரில் எடை குறைக்க வேண்டுமாமே, எவ்வளவு?

பதில்: உப்புநீரின் அடர்த்தி 2.5 சதவீதம் அதிகம். ஆளும் சாமானும் 100 கிலோ என்றால் மூழ்குவதற்காகக் கட்டும் ஈயத்தில் 2.5 கிலோவைக் கழற்றலாம். ஆனால் இந்தக் கணக்கு அதே உடைக்கு மட்டும். புதுச்சேரியில் 3 மி.மீ. உடை போட்டவர் இங்கே 7 மி.மீ. போடும்போது, தடித்த உடை அதிகம் மிதப்பதால், ஈயம் கூடுதலாகவே தேவைப்படும். கரையோரத்திலேயே சோதியுங்கள்: சிலிண்டரில் 50 பார், காற்றடைக்கும் மிதவைச் சட்டையில் காற்றில்லை, சாதாரண மூச்சைப் பிடித்தால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். செலவாகும் காற்றின் எடை அது. ஈயம் மிகுந்தால் லாக்கின் தரை வண்டல் கிளம்பி, பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆகஸ்டில் 7 மி.மீ. போதும், கையுறையோடு. ஓடும் நீர் கலந்துகொண்டே இருப்பதால் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே வெப்பம். மே மாதத்தில் நீர் புகாத உலர் உடையும், குளிர்நீருக்கான ரெகுலேட்டரும் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) இல்லாமல் இறங்குவது முட்டாள்தனம்: சாதாரண ரெகுலேட்டர் உறைந்தால் காற்றை நிறுத்தாமல் கொட்டிவிடும்.

கேள்வி: லாக்கின் மரக்கதவு அத்தனை ஆண்டும் எப்படி அழியவில்லை? ஓர் ஆணி எடுத்து வரலாமா?

பதில்: மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு கடல்நீர்ப் பிராணி, நன்னீரில் வாழாது. ஆணி கூடாது, ஒன்டாரியோ பாரம்பரியச் சட்டப்படி குற்றம். நீங்கள் அறியாமல் எடுத்து வரக்கூடியது வரிக்குதிரைச் சிப்பி. சுவரெல்லாம் அதுதான், கையைக் கிழிக்கும். சாமானை நன்றாகக் கழுவி முற்றிலும் உலர்த்திய பிறகே வேறு ஏரியில் இறக்குங்கள்.