மனம் புண்பட்டால் கைதா?

கேள்வி: சமூக வலைத்தளங்களில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். கருத்துச் சுதந்திரத்துக்கு நியாயமான கட்டுப்பாடு உண்டு என்று அரசியலமைப்பே சொல்கிறது. அடுத்தவர் மனம் புண்படப் பேசுகிறவர்களைப் பிடித்து உள்ளே போட்டால் என்ன தப்பு?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: கட்டுப்பாடு உண்டுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தக் கட்டுப்பாடுகளைச் சொல்லும் அரசியலமைப்பின் 19(2) பிரிவை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். அவ்வளவுதான், பட்டியல் முடிந்தது. யாருக்கோ மனம் புண்பட்டது என்பது அதில் கிடையாது. மத உணர்வைப் புண்படுத்தினால் குற்றமாச்சே என்பீர்கள். சரி, அதுவும் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்தான். 1957-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் குற்றச் சட்டப் பிரிவு செல்லும் என்றதே பொது ஒழுங்கைச் சொல்லித்தான்.

நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த 'நியாயமான' என்ற சொல் பேச்சுரிமை விஷயத்தில் முதலில் இருக்கவே இல்லை, தெரியுமா? 1950-ல் பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ்ரோட்ஸ்' வார இதழ் உள்ளே நுழையக் கூடாது என்று நம் சென்னை அரசு தடை போட, ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து சரியாக நாலாவது மாதம், மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. நேரு அரசுக்குப் பொறுக்கவில்லை. 1951-ல் முதல் திருத்தம் கொண்டுவந்து 'பொது ஒழுங்கு' உள்ளிட்ட காரணங்களைச் சேர்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றத் தேர்வுக் குழுவில்தான் 'நியாயமான' என்பது நுழைந்தது. ஆக, அது குடிமகனின் வாயில் போட்ட பூட்டு இல்லை சார், அரசாங்கத்தின் கையில் போட்ட பூட்டு. கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் கேள்வி கேட்கலாம். அதுவும் சட்டம் போட்டுத்தான் கட்டுப்படுத்த முடியும். இன்ஸ்பெக்டர் போன் போட்டு "அந்தப் போஸ்ட்டை எடுத்துடுங்க" என்பதெல்லாம் சட்டம் ஆகாது.

நீங்கள் சொல்கிற மாதிரி உள்ளே போட்டும் பார்த்தாயிற்று. 2012-ல் சிவசேனா தலைவர் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியது ஏன் என்று ஒரு பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார், இன்னொரு பெண் அதற்கு லைக் போட்டார். இருவரும் கைது. லைக் போட்டதற்கு! எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே மூன்று வருடம் வரை சிறை என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்த 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் மொத்தமாகத் தூக்கி எறிந்தது. எது எரிச்சல், யாருக்கு எரிச்சல் என்று யார் அளந்து சொல்வது?

போன மாதம் எங்கள் தலையங்கத்தைத் திட்டி நாலு பக்கம் எழுதியிருந்தீர்களே, அதைப் படித்து எங்கள் உதவி ஆசிரியருக்கு நிஜமாகவே மனம் புண்பட்டது. உங்கள் ஊர் ஸ்டேஷன் நம்பர் கொடுங்கள், அவரிடம் சொல்கிறேன்.